காற்றை நிறுத்திய மத்தியானங்கள்

நான் வேலையிலிருந்து நின்ற மாதத்தில்தான் எங்கள் மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் புதுப் பேனல் வைத்தார்கள். தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரைப் போடுவதும் நிறுத்துவதும் இனி அதுவே பார்த்துக்கொள்ளும். தண்ணீருக்குள் தொங்கும் கருவி, கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு, பி.எச். எவ்வளவு என்று சொல்லும். அந்த எண்கள் நேராக ஆபீஸுக்குப் போய்விடும். பேனல் வைக்க வந்த இன்ஜினியர், பழைய பேனலின் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை காற்றை நிறுத்தச் சொல்லியிருக்கிறதே, கரண்ட் மிச்சம் பிடிக்கவா என்று கேட்டார். ஷிப்டில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை. முனிராஜண்ணன் காலத்துப் பழக்கம் என்று என் பக்கம் கை காட்டினார்கள். நாலு பேர் சுற்றி நின்றதால் எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தில் முடிகிற விஷயமாக அது இல்லை.

எனக்கு ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். படித்தது ஐந்தாவது வரை. அதோடு நின்றதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார்களே என்ற பயம் அன்றோடு தீர்ந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒரு பாஷை, காட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் எனக்கு வரும். மூன்றிலும் குறைவாகத்தான் பேசுவேன்.

கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் ஜூஜுவாடியில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் வேலை பார்த்தேன். இரும்புச் சாமானை அமிலத் தொட்டியில் முக்கி, கழுவி, முலாம் ஏற்றுவார்கள். அமிலம் எனக்கு அங்கே மூக்கு வழியாகத்தான் அறிமுகம். முதல் நாளே சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு விதி: தண்ணீரில் அமிலத்தை ஊற்று, அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே. அந்த விதியை மறந்த ஒருவரின் முன்கையில் இருந்த தழும்பை மேஸ்திரி எல்லோருக்கும் காட்டுவார். அவருடைய கைதான் அது. அங்கே பி.எச். காகிதம் பார்க்கப் பழகினேன். சிவந்தால் அமிலம், நீலமானால் காரம், இடையில் பச்சை வந்தால் வெளியே விடலாம். கல்யாணம் ஆனபிறகு, ஊருக்குப் பக்கம் என்று கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கூழ் தொழிற்சாலைக்கு வந்தேன். இரண்டு சீசன் லாரியிலிருந்து பழக் கிரேட் பெட்டிகளை இறக்கினேன். பிறகு கழிவுநீர்ப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் போகவில்லை. அங்கே யாரோடும் பேச வேண்டியிருக்காது என்று தெரிந்து நான் போனேன். முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே இருந்தேன்.

மாம்பழம் கழுவிய தண்ணீர், கொட்டையும் தோலும் நசுங்கிய தண்ணீர், இயந்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து எங்களிடம் வரும்போது பி.எச். நாலுதான் இருக்கும். புளித்த மோர் மாதிரி. அதில் சுண்ணாம்புப் பால் கலந்து ஏழுக்குக் கொண்டுவர வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குவார்கள். நாலிலிருந்து ஐந்துக்கு வர நாலு வாளி பிடித்ததே, ஐந்திலிருந்து ஆறுக்கும் நாலு வாளி என்று கொட்டுவார்கள். பி.எச். பத்தைத் தாண்டி நிற்கும். ஒரு எண் ஏறினால் அமிலம் ஒரு பங்கு குறைவது இல்லை, பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சுண்ணாம்பு வாளிதான் சொல்லிக் கொடுத்தது.

சுண்ணாம்பு கண்ட தண்ணீர் முதலில் மூடிய தொட்டிக்குப் போகும். அங்கே எரிகிற வாயு கிடைக்கும், கேன்டீன் அடுப்புக்குப் போகும். அதன்பின் காற்றுத் தொட்டி. அதில் காபித்தூள் நிறத்தில் ஒரு சேறு சுழன்றுகொண்டே இருக்கும். சேறு என்று சொன்னாலும் அது முழுக்க உயிர். தண்ணீரில் கரைந்திருக்கும் சர்க்கரையையும் புளிப்பையும் தின்கிற நுண்ணுயிர்கள். நாங்கள் பூச்சி என்போம். கடைசியில் படிய வைக்கும் தொட்டி. சேறு அடியில் இறங்க, தெளிந்த தண்ணீர் மேலே வழிந்து தென்னைக்கும் மாமரத்துக்கும் போகும், மிச்சம் ஓடையில் விடுவோம். இறங்கிய சேற்றைப் பம்பு மறுபடி காற்றுத் தொட்டிக்கே தள்ளும்.

பழம் வைகாசியில் வந்து ஆடியோடு முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் பூச்சிகளைப் பட்டினி போட முடியாது. கேன்டீன், கழிப்பறைத் தண்ணீரோடு சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுவோம். என் மனைவி, வீட்டு மாட்டைவிடக் கம்பெனி மாட்டுக்குத்தான் உபசாரம் அதிகம் என்பாள்.

ஸ்டெல்லா மேடம் கெமிஸ்டாக வந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். எனக்கு நாற்பது நெருங்கியிருந்தது. கிருஷ்ணகிரிக்காரர். சீசனில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துக்கொண்டு நேராகத் தொட்டிக்கு வந்துவிடுவார். முதல் நாள் எங்கள் லாக் புக்கைத் திருப்பிப் பார்த்தார். பி.எச். பத்தியில் ஏழரை வருடமாக, மூன்று ஷிப்டும், 7.2 என்றே எழுதியிருந்தது. முந்தின ஷிப்டுக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் எழுதினேன். அவர் சிரிக்காமல், "ரொம்ப ஒழுக்கமான தண்ணியா இருக்கேண்ணா" என்றார். அதன்பிறகு நான் பார்க்காமல் எழுதியதில்லை.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாங்கள் நிற்கும்போது அவர் உட்கார மாட்டார். எந்தத் தண்ணீரை எடுத்தாலும் முதலில் முகர்வார், அடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பிறகுதான் மீட்டர். மீட்டரின் கண்ணாடி முனையைக் காலையில் இரண்டு புட்டித் திரவத்தில் முக்கி, அது சரியாகத்தான் சொல்கிறதா என்று சோதித்த பிறகே நம்புவார். நாம் ஏதாவது சொன்னால், "நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்பார். புளோயர் சரியில்லை போலிருக்கு மேடம் என்று சொன்னால் மறுபடி அதே கேள்வி வரும். நுரை வெள்ளையாக இருந்தது, குமிழி ஓரத்தில் வரவில்லை என்று கண்ட விஷயத்தைச் சொன்னால்தான் பென்சிலை எடுப்பார்.

அல்கலினிட்டி பார்க்க எனக்குப் பழக்கியவரும் அவர்தான். அளந்த தண்ணீரில் இரண்டு சொட்டுச் சாயம் விட்டால் மஞ்சளாகும். மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் ஆரஞ்சாக மாறுகிற அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. என் கைக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. பி.எச். என்பது தண்ணீர் இப்போது நிற்கும் இடம், அல்கலினிட்டி என்பது அமிலம் வந்து தள்ளினால் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது. இதை அவர் ஒரே முறைதான் சொன்னார்.

இனி அந்த சீசன்.

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. மழையில் காய் பறிக்க மாட்டார்கள், லாரி நின்றுபோனது. ஒரு வாரத்துக்கு மேல் கூழ் ஓட்டம் கால்வாசிதான். பூச்சிகளுக்குத் தீனி குறைந்தது. காபித்தூள் நிறத்தில் இருந்த சேறு வெளுத்துத் தளர்ந்தது. நான் விவசாயக் குடும்பம். பயிர் வெளுத்தால் யூரியா என்று கை தானாகப் போகும். மாம்பழத் தண்ணீரில் தழைச்சத்து குறைவு என்பதால் மேடமே தினம் அளந்து கொஞ்சம் யூரியா போடச் சொல்வார், பழ லோடு குறைந்தால் யூரியாவையும் குறைக்கச் சொல்வார். குறைக்கச் சொன்ன அந்த வாரத்தில்தான், தோட்டத்து ஷெட்டிலிருந்து நான் தினம் காலையில் அரை மூட்டை கூடுதலாகக் கொட்டினேன். எட்டு நாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. மாட்டுக்கு ஒரு கை புல் கூடப் போடுவதை யாரிடம் போய்ச் சொல்வோம்?

நிறம் தேறியது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஆனால் காற்றுத் தொட்டியின் பி.எச். இறங்கத் தொடங்கியது. 7.3, 6.8, 6.3, 5.9. சுண்ணாம்பு போட்டால் சாயங்காலம் ஏறும், விடிந்தால் மறுபடி கீழே. பிறகு ஒரு மத்தியானம் படிய வைக்கும் தொட்டியில் அடியிலிருந்து சேறு அடை அடையாக மேலே மிதந்து வந்து, வழிகிற தண்ணீரோடு ஓடைக்குப் போய்விட்டது. ஓடைத் தண்ணீரில் பயிர் வைத்திருந்த கீழ்க்காட்டுக்காரர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார் என்று தகவல் வந்தது. அதற்குள் மழை விட்டுப் பெங்களூரா மாங்காய் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டியிருந்தன. தண்ணீர் தெளியாவிட்டால் தொழிற்சாலையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் பழம் லாரியிலேயே அழுகும், பழம் வெட்டுகிற பெண்களுக்கு அந்த வருட வேலை அதோடு போய்விடும்.

மேனேஜர் பிரகாஷ் சாருக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. அடை மிதந்ததெல்லாம் திம்மராயனின் மத்தியான ஷிப்டில். அவன்தான் சேற்றுப் பம்பை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறான், சனிக்கிழமையோடு வேலைக் கார்டைக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றார். திம்மராயன் எனக்கு நாலு வயது இளையவன், தெலுங்கு வீட்டுப் பிள்ளை, வாய் ஓயாது. அவன் தூங்குகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். தூங்கினாலும் அவன் பேச்சு நிற்காது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டெல்லா மேடம் காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு, அளவுக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேசையில் வைத்தார். தினம் செய்கிற சோதனைதான். அரை மணியில் சேறு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுவோம். அன்றும் அரை மணியில் முந்நூறு கோட்டுக்கு இறங்கி, மேலே தண்ணீர் கண்ணாடியாக நின்றது. மேனேஜர் வந்து பார்த்தார். சேறு நன்றாகத்தானே படிகிறது, அப்படியென்றால் ஆள்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் கொட்டவில்லை. குழாயைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். ஒரு மணி நேரம் போனது. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு சேற்றின் அடியில் ஒரு விரிசல் விழுந்தது. அதற்குள் சின்னச் சின்னக் குமிழிகள். பிறகு மொத்தச் சேறும், யாரோ அடியிலிருந்து தள்ளியதுபோல், ஒரே கட்டையாக மெல்ல மேலே ஏறி நின்றது. மேடம் கண்ணாடிக் குச்சியால் அதைத் தட்டினார். சோடா திறந்ததுபோல் குமிழி கிளம்பியது. காற்று போனதும் சேறு சாதுவாகக் கீழே இறங்கிவிட்டது.

"படியாத சேறு இல்லண்ணா இது. படிஞ்ச பிறகு மூச்சு விடுது" என்றார்.

அடுத்து ஒரு சோதனைக் குழாயில் தெளிந்த தண்ணீரை எடுத்து ஒரு பொடியைப் போட்டார். நைட்ரேட் இருந்தால் இளஞ்சிவப்பு வரும். வந்தது ரோஜாப்பூ நிறம். மாம்பழத்திலிருந்து இவ்வளவு நைட்ரேட் வர வழியில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எனக்கு விளக்கினார். எந்த உயிரும் சாப்பாட்டைத் தின்னும்போது அதிலிருந்து எலக்ட்ரான் என்ற ஒன்றைப் பிரித்தெடுக்கிறது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்க முடியாது. யாரிடமாவது கொடுத்தால்தான் அடுத்த வாய் தின்ன முடியும். நாம் இழுக்கிற மூச்சில் உள்ள ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ளத்தான்.

நான் கிரேட் இறக்கியவன், எனக்கு உடனே பிடிபட்டது. லாரிமேல் நிற்கிறவன் வேலை செய்ய வேண்டுமானால் கீழே கிரேட்டை வாங்க ஆள் நிற்க வேண்டும். நல்ல பலசாலி இருந்தால் அவனிடம்தான் கொடுப்பான். அவன் இல்லையென்றால் அடுத்தவனிடம். ஆக்சிஜன்தான் அந்தப் பலசாலி. அது தீர்ந்துபோனால் அடுத்து நைட்ரேட். நைட்ரேட் வாங்கிக்கொண்டால் அது நைட்ரஜன் காற்றாகிக் குமிழியாகப் போய்விடும். அதுவும் இல்லையென்றால் சல்பேட். அது வாங்கினால் அழுகின முட்டை நாற்றம். அதற்கு முந்தின வருடம் டிரான்ஸ்பார்மர் எரிந்து இரண்டு நாள் புளோயர் ஓடாதபோது, தொட்டி கறுத்து நாறியது அதனால்தான். மூடிய தொட்டியில் இது எதுவும் இல்லை. அங்கே கடைசி ஆளாகக் கரியமில வாயுவே வாங்கிக்கொண்டு அடுப்பு வாயுவாக மாறுகிறது. நான் இத்தனை வருடம் நான்கு நாற்றமாக அறிந்து வைத்திருந்தது, வாங்குகிற நான்கு ஆட்கள்தான்.

படிய வைக்கும் தொட்டியின் அடியில் காற்று இல்லை, நைட்ரேட் இருக்கிறது. அதனால் சேறு குமிழி விட்டு மேலே வருகிறது. மத்தியான வெயிலில் பூச்சிகளுக்குச் சுறுசுறுப்பு அதிகம், அதனால் திம்மராயன் ஷிப்டில் வருகிறது. இது தெளிவாகிவிட்டது. நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்பதுதான் மேடத்துக்குப் புரியவில்லை. தழைச்சத்து மிஞ்சிப்போனால், காற்றுள்ள இடத்தில் வேறு சில பூச்சிகள் அதை நைட்ரேட்டாக மாற்றும், மாற்றும்போது அமிலத்தைக் கக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். சாணித் தண்ணீரிலேயே வளர்ந்த அந்தப் பூச்சிகள் எங்கள் தொட்டியில் ஏராளம். சுண்ணாம்பையெல்லாம் தின்றது எது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அன்று மூன்று முறை அவரிடம் போனேன். முதல் முறை ஸ்டோர்க்காரர் இருந்தார். இரண்டாம் முறை அவர் தனியாகத்தான் இருந்தார், நான் பென்சில் சீவித் தரட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை வாசலோடு வந்துவிட்டேன். என் வேலை போகும் என்ற பயம் இருந்தது. வாய் திறக்காவிட்டால் திம்மராயன் போவான் என்பதும் தெரிந்தது. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். கடைசியில் லாக் புக்கை எடுத்தேன். ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு, அதில் ஒருவரும் ஒன்றும் எழுதியதில்லை. 'யூரியா நான் போட்டேன். தினம் அரை மூட்டை கூடுதல். எட்டு நாள். முனிராஜ்' என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு மேடம் அதைப் படித்தார். நிமிர்ந்து பார்த்து ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். அவர் பென்சிலை எடுத்தார். எந்த நேரத்தில், எந்த முனையில், மூட்டையில் எத்தனை கிலோ என்றுதான் கேட்டார். சொல்லச் சொல்ல எழுதி, கூட்டிப் பார்த்தார். கணக்கு இடித்தது. தொட்டியில் இருக்கும் நைட்ரேட்டுக்கும் குறைந்துபோன அல்கலினிட்டிக்கும் இதைப்போல் இரண்டு பங்கு யூரியா விழுந்திருக்க வேண்டும் என்றார். நல்லா யோசிங்கண்ணா என்று இரண்டு முறை கேட்டார். பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணினேன். மேனேஜரிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நானும் வருகிறேன் என்றேன்.

மேனேஜர் அறையில் திம்மராயன் ஏற்கெனவே நின்றிருந்தான். அவனுடைய கார்டு மேசைமேல் இருந்தது. அவன் அவமானத்தில் பேசாமல் நின்ற ஒரே நேரம் அதுதான், நான் பார்த்தவரை.

"யூரியா போட்டது நானுங்க சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மீதியை மேடம் சொன்னார்.

"யாரு உன்ன போடச் சொன்னது?"

"யாருஞ் சொல்லலீங்க. வெளுத்துப் போயிருந்துச்சு. பயிரு வெளுத்தா போடுவமில்லீங்களா, அப்பிடித்தான்."

திம்மராயன் என் பக்கம் திரும்பினான். "நீயுமாண்ணா? நீ எப்ப போட்ட?"

"காலையில."

"நானு சாயங்காலம் போட்டனே. அர மூட்ட."

அவன்மேல் தூங்கினான் என்றுதான் பழி, யூரியாவைப் பற்றி யாரும் அவனைக் கேட்கவே இல்லை. அவனும் வெளுத்த சேற்றைப் பார்த்திருக்கிறான், அவனும் காட்டுக்காரன்.

"என் தொட்டியில ரெண்டு பேருஞ் சேந்து நாத்து விட்டுக்கினு இருந்தீங்களா?" என்றார் மேனேஜர்.

மேடம் பென்சிலால் ஒரு எண்ணை அடித்து இன்னொன்று எழுதினார். "இப்ப கணக்கு சரியா வருது சார்."

மேனேஜர் கார்டை எடுத்துத் திம்மராயனிடம் கொடுக்கவில்லை. என்னுடையதையும் கேட்டு வாங்கி அதன்மேல் வைத்தார். வெள்ளிக்கிழமை தண்ணீர் தெளிந்திருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் வர வேண்டாம் என்றார்.

மேடம் சொன்ன வைத்தியம் எங்கள் எல்லோருக்கும் தலைகீழாகப் பட்டது. யூரியாவை அடியோடு நிறுத்த வேண்டும், அது புரிந்தது. மத்தியானம் இரண்டு மணி நேரம் புளோயரையும் நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் புது மாம்பழத் தண்ணீரை உள்ளே விட வேண்டும் என்றார். காற்றை நிறுத்தினால் பூச்சி செத்துவிடும் என்று மேனேஜர் பதறினார். ஆக்சிஜன் இல்லாவிட்டால் நைட்ரேட் வாங்கிக்கொள்ளும், தின்ன பழத் தண்ணீர் இருக்கிறது, அடியில் நடப்பதை மேலேயே நடக்க வைத்துவிட்டால் படிகிற இடத்தில் குமிழிக்கு வேலை இல்லை என்றார் மேடம். இன்னொன்றும் சொன்னார். நைட்ரேட் உண்டாகும்போது போன அல்கலினிட்டியில் பாதி, நைட்ரேட் காற்றாகப் போகும்போது திரும்பி வரும். சுண்ணாம்பே வேண்டாம்.

செவ்வாய் இரண்டு மணிக்குப் புளோயரை நிறுத்தினேன். டிரான்ஸ்பார்மர் எரிந்த அந்த இரண்டு நாள் தவிர, இத்தனை வருடத்தில் அந்த இடத்தின் அமைதியை நான் கேட்டதே இல்லை. கேட்டில் லாரிக்காரர்கள் கன்னடத்தில் சீட்டாட்டச் சண்டை போடுவது அங்கே வரை கேட்டது. சேறு அடங்கிவிடாமல் இருக்கப் பம்பை வேகமாக ஓட்டினோம். கால் மணி கழித்துத் தண்ணீர் முழுக்கக் கடுகு வெடித்ததுபோல் நுண்ணிய குமிழிகள் வந்தன. நாலு மணிக்கு மீட்டரை வைத்தேன். 5.9 இருந்தது 6.2 ஆகியிருந்தது. சுண்ணாம்பு ஒரு கை போடவில்லை. புதன்கிழமை 6.6. இளஞ்சிவப்பு வெளிறியது. அடை மிதப்பது பாதியாகக் குறைந்தது.

வியாழக்கிழமை மேடம் தண்ணீர் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஓசூர் லேபுக்குப் போயிருந்தார். மத்தியானம் இரண்டரைக்கு ஜீப் வந்தது. அதிகாரி ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டார்.

புளோயர் நின்றிருந்தது.

கரண்ட் செலவுக்குப் பயந்து புளோயரை நிறுத்தி வைப்பதும், அதிகாரி வருகிறார் என்றால் போட்டுவிடுவதும் அவர்கள் பல இடத்தில் பார்த்த திருட்டு. அவர் தொட்டியையும் பேனலையும் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக ஓடவில்லை என்று கேட்டார். மேனேஜர் முந்திக்கொண்டார்.

"பெல்ட் மாத்திக்கினு இருக்கறோம் சார்."

அதிகாரி புளோயர் பக்கம் போய்ப் பார்த்தார். பெல்ட் அதன் இடத்தில் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். திம்மராயன் என் பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்டது. நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"பெல்ட்டு நல்லாத்தாங்க இருக்குது" என்றேன். "வேணும்னேதான் நிறுத்தி வெச்சிருக்கறோம்."

ஏன் என்றார். வார்த்தை வரவில்லை. எனக்குக் கை வரும். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை மொண்டு அவர் கண்ணுக்கு நேராக வைத்தேன். குமிழி ஏறுவதைக் காட்டினேன். சோதனைக் குழாயில் பொடி போட்டு நிறத்தைக் காட்டி, திங்கட்கிழமை என்ன நிறம் என்று லாக் புக்கில் எழுதியிருந்ததையும் காட்டினேன். மீட்டரை வைத்தேன், சாயம் விட்டு அமிலத்தைச் சொட்டினேன், ஆரஞ்சாகும் சொட்டில் நிறுத்தினேன். கை வேலை செய்யச் செய்ய வாய் தானாகத் திறந்துகொண்டது. யார் யாரிடம் கிரேட்டை வாங்குகிறார்கள் என்பது வரை சொன்னேன். இவ்வளவு நைட்ரேட் எப்படி வந்தது என்று கேட்டார். தெரியாமல் யூரியா போட்டோம், நானும் இவனும் என்றேன். திம்மராயன் முன்னால் வந்து, ஆளுக்கு அரை மூட்டை என்று சேர்த்துக்கொண்டான்.

எத்தனாவது வரை படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐந்தாவது என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு காலிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு மணி வரை இருந்தார். நாலுக்கு நான் புளோயரைப் போட்டதும் மீட்டரை அவரே வைத்துப் படித்தார். வழிகிற தண்ணீரைப் புட்டியில் பிடித்து முத்திரை வைத்தார். முடிவு லேபிலிருந்து வரும் என்று மட்டும் சொல்லி ஜீப்பில் ஏறினார்.

பத்து நாளில் வந்தது. தண்ணீர் வரம்புக்குள் இருந்தது, நைட்ரேட்டையும் தினம் பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை. தொழிற்சாலை ஒரு நாளும் நிற்கவில்லை. லாரிகள் எல்லாம் உள்ளே வந்து இறக்கிவிட்டுப் போயின. பேனல் கதவில் இருக்கும் காகிதம் அப்போது ஒட்டியதுதான், சுண்ணாம்பு மிச்சமானதால் அந்த இரண்டு மணி நேரத்தை அதன்பிறகும் நாங்கள் விடவில்லை.

ஆனால் எங்களுக்கு லேப் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, நானும் திம்மராயனும் பேனலுக்குப் போனோம். மேனேஜர் அங்கே நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு கார்டையும் எடுத்துக் கொடுத்தார். என் கார்டு திம்மராயனிடமும் அவனுடையது என்னிடமும் வந்தது, மாற்றிக்கொண்டோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டாகும் வரை நின்றார். பிறகு புளோயரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அவரே அழுத்தினார்.